அப்பாவுக்கு ‘எதிர்ப்பு சக்தி ஊசி’ வாங்கலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர்த் தொற்றுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு செபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை நான்கு நாள் சாப்பிட்டார். ஐந்தாம் நாள் நினைவு தப்பியது. செப்சிஸ் என்று ஐசியூவில் சேர்த்து இன்றோடு 11 நாள். முதலில் பார்த்த டாக்டர், எதிர்ப்பு சக்தி மிதமிஞ்சி வேலை செய்கிறது என்றார். இப்போது நுரையீரலில் புதுத் தொற்று வந்திருக்கிறது. இன்னொரு டாக்டர் எதிர்ப்பு சக்தியே இல்லை என்கிறார். எது உண்மை? தெரிந்தவர் மூலம் வந்த ஒருவர், எதிர்ப்பு சக்தியை ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசியை ஒன்றேகால் லட்சத்துக்கு வாங்கித் தருகிறேன் என்கிறார். ஸ்டீராய்டு வேறு போடுகிறார்கள். பயமாக இருக்கிறது. (வாசகர், திருப்பூர்)

பதில்: முதலில் பணம். அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இனி மற்றதைப் பேசலாம்.

இரண்டு டாக்டர்களும் சொன்னது உண்மைதான். ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். மாலையில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்க வைத்து இரண்டு நிமிடம் பேசினால் பாதிதான் சொல்ல முடியும்.

விரலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது. ரத்தக்குழாய் விரிவதால் சிவப்பு. குழாய்ச் சுவர் இளகி நீர் கசிவதால் வீக்கம். கிருமி பரவாமல் இருக்கச் சுற்றிலும் ரத்தம் கொஞ்சம் உறையவும் செய்யும். விரலுக்குள் நடக்கும்வரை இதெல்லாம் நல்லது. செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடம்பே மிதமிஞ்சி எதிர்வினை காட்டி உறுப்புகள் பழுதாகும் நிலை. அதில் இதே மூன்றும் உடம்பு முழுக்க நடக்கின்றன. குழாய்கள் எல்லாம் விரிந்தால் பிரஷர் இறங்கும். எல்லா இடத்திலும் கசிந்தால் நுரையீரலில் நீர் கோக்கும். நுண்ணிய குழாய்களில் ரத்தம் உறைந்தால் சிறுநீரகம் படுக்கும். முதல் டாக்டர் சொன்னது இதை.

இது நடக்கும்போதே இன்னொன்றும் நடக்கிறது. லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கூட்டம் கூட்டமாகத் தாமாகவே மடிகின்றன. கிருமியின் துண்டை எடுத்து மற்ற அணுக்களுக்கு அடையாளம் காட்ட வேண்டிய அணுக்கள் அந்த வேலையை நிறுத்திவிடுகின்றன. 2011இல் அமெரிக்காவில், செப்சிஸில் இறந்தவர்களின் மண்ணீரல் அணுக்களை எடுத்துத் தூண்டிப் பார்த்தார்கள். அவை ஏறக்குறைய மரத்துக் கிடந்தன. சாதாரண ஆளை ஒன்றும் செய்யாத கிருமிகூட இந்த நிலையில் உள்ளே வந்துவிடும். அப்பாவின் நுரையீரல் தொற்றும் அப்படி வந்ததாக இருக்கலாம்.

ஆக, எதிர்ப்பு சக்தி ‘குறைந்துவிட்டது, ஏற்றினால் சரி’ என்ற கணக்கே இங்கே எடுபடாது. ஒரே உடம்பில் ஒரு பக்கம் கூடுதல், மறுபக்கம் குறைவு. எதை ஏற்றுவது, எதை இறக்குவது? உலகமே இதில் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறது. செப்சிஸுக்கென்றே 2001இல் அமெரிக்கா அனுமதித்த ஒரு மருந்தைப் பத்தே வருடத்தில், 2011இல், பலனில்லை என்று அந்த நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. நரம்பு வழியாக வைட்டமின் சி கொடுத்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வில், 2022இல், கொடுக்காதவர்களைவிடக் கொடுத்தவர்களின் நிலைதான் மோசமாக இருந்தது. உங்களிடம் சொன்ன இம்யூனோகுளோபுலினையும் செப்சிஸுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே 2021இன் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. சிறுநீரகத்தைக் கெடுக்கவும் அதனால் முடியும்.

இந்த இடைத்தரகர்களை வருடக்கணக்காகப் பார்க்கிறேன். ஐசியூ வாசலில் அழுதுகொண்டிருப்பவர் பக்கத்தில் வந்து உட்காருவார்கள். ‘ஸ்டாக் இல்லை, நாளைக்குக் கிடைக்காது’ என்பார்கள். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்து வருவார்கள். பல இம்யூனோகுளோபுலின் ஊசிகள் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. அந்தப் பெட்டி எந்தெந்த வெயிலில் எத்தனை மணி நேரம் நின்றதோ! பில்லில் பேட்ச் நம்பர் இருக்காது. பல நேரம் பில்லே இருக்காது. கேஸ் ஷீட்டில் டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போடாத மருந்தை வெளியிலிருந்து வாங்கவே வாங்காதீர்கள். டாக்டரே எழுதினாலும், எதற்கு என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுவார் என்று பயந்தால் ஒன்றேகால் லட்சம் போய்விடும்.

ஸ்டீராய்டு வேறு கதை. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தாயிற்றே என்றுதானே பயம்? பிரஷரை ஏற்ற மருந்து சொட்டுச் சொட்டாக ஓடியும் பிரஷர் நிற்காதவர்களுக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் கொடுப்பது வழக்கம். நாளுக்கு 200 மில்லிகிராம், சில நாட்களுக்கு. ரத்தக்குழாய்கள் பிரஷர் மருந்துக்கு இணங்க அது உதவும். சர்க்கரை ஏறும், இன்சுலினைக் கூட்டுவார்கள், பதற வேண்டாம். ஆனால் ஒன்றை யோசித்துச் சொல்லுங்கள்: அப்பா ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ மாதக்கணக்கில் ஏதாவது சாப்பிட்டாரா? லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடி உட்பட. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டைக் கலந்து விற்கிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவரின் உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டு சுரப்பையே நிறுத்தியிருக்கலாம். அது தெரியாமல் ஐசியூவில் மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் பிரஷர் மறுபடி விழும். பொடி வாங்கியதற்கு வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், இன்றே சொல்லுங்கள்.

செபிக்ஸிம் பற்றியும் ஒரு வார்த்தை. 2014இலிருந்து அது எச்-1 அட்டவணையில் இருக்கும் மருந்து. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. சீட்டோடு விற்றாலும் யார் எழுதியது, யாருக்கு என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். எந்தக் கடையில் அந்த நோட்டைப் பார்த்திருக்கிறீர்கள்? எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்க்கும் கல்ச்சர் சோதனை எடுக்காமல் விழுங்கிய மாத்திரையால் நான்கு நாள் வீணாயிற்று. செப்சிஸில் மணிக்கணக்குதான் கணக்கு.

மிச்சமிருக்கும் பணமும் கவனமும் புதுத் தொற்றைத் தடுப்பதற்குப் போகட்டும். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் கை கழுவுங்கள், பார்க்க வரும் சொந்தக்காரர்களைக் குறையுங்கள். தலைமாடு உயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நாளைக் காலை ரவுண்ட்ஸுக்கு வரும் டாக்டரிடம், அப்பாவுக்குப் போட்ட யூரின் டியூப் இன்னும் தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்றால் அன்றே எடுத்துவிடச் சொல்லுங்கள்.