ஆர்எக்ஸ்100 மெக்கானிக்கிடம் கொடுத்து 26 சிசி ஆர்சி கார் இன்ஜினைப் போர்ட்டிங் செய்யலாமா?

கேட்டவரிடம் இருப்பது லோசி ஃபைவ்-டி, 1/5 அளவு ரிமோட் கார். அதில் ஸெனோவா ஜி260 என்ற டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின். ஊரில் ஆர்எக்ஸ்100-க்குப் போர்ட்டிங் (சிலிண்டர் சுவரில் கலவையும் புகையும் போய் வரும் துளைகளான போர்ட்களைக் குடைந்து மாற்றுவது) செய்து பெயர் வாங்கிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவரிடம் சிலிண்டரைக் கொடுக்கலாமா, எவ்வளவு வேகம் கூடும் என்று கேட்கிறார்.

கொடுக்கலாம். கைத்திறன் உள்ளவர் என்றால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஆர்எக்ஸ்100-இல் பழகிய கை இங்கே இரண்டு இடங்களில் ஏமாறும். அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆர்எக்ஸ்100 சிலிண்டருக்குள் இருப்பது வார்ப்பிரும்பு லைனர், அதாவது உள்ளுறை. கீறல் விழுந்தாலும் போர் அடித்து (சிலிண்டரின் உள்துளையான போரைக் கடைந்து பெரிதாக்கி), ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக் காப்பாற்றிவிடலாம். ஸெனோவாவில் லைனரே கிடையாது. அலுமினியத்தின் மேல் மெல்லிய குரோம் பூச்சு, அவ்வளவுதான். போர் அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. போர்ட் ஓரத்தில் பூச்சு கடுகளவு பெயர்ந்தால் போதும், பிஸ்டன் ரிங் அதில் உரசி உரசி மீதியையும் உரித்துவிடும். வைர பர்ரால் (சுழன்று குடையும் சிறு வெட்டுமுனை) பூச்சை மட்டும் முதலில் வெட்டி, பிறகு கார்பைடு பர்ரால் அலுமினியத்தைக் குடைய வேண்டும். பர் சுழலும் திசை பூச்சை அலுமினியத்தோடு சேர்த்து அழுத்துவதாக இருக்க வேண்டும். போருக்குள் இழுப்பதாக இருந்தால் பூச்சு தூக்கிக்கொண்டு வரும். கடைசியில் போர்ட்டின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் சிறிய சரிவு கொடுக்காமல் சிலிண்டரை மாட்டவே கூடாது.

இன்னொன்று இன்டேக், பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை இன்ஜினுக்குள் வரும் வழி. ஆர்எக்ஸ்100-இல் ரீட் வால்வு இருக்கிறது. கலவை திரும்பிப் போகாமல் அது பார்த்துக்கொள்ளும். ஜி260-இல் இன்டேக் போர்ட்டைத் திறப்பதும் மூடுவதும் பிஸ்டனின் கீழ்ப் பாவாடைதான். அதை வெட்டினால் போர்ட் சீக்கிரம் திறந்து தாமதமாக மூடும். உச்ச வேகத்தில் இழுவை கூடலாம். குறைந்த வேகத்திலோ உள்ளே போன கலவை கார்ப்பரேட்டர் வழியே திரும்பி வந்து ஏர் ஃபில்டரை நனைக்கும். கார் ஓட்டத்தில் திருப்பத்துக்குத் திருப்பம் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டுப் பிடிக்கிறோம். இந்த வண்டிக்கு அது நஷ்டம். பாவாடையைத் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

இனி முக்கியமான விஷயம். போர்ட்டிங் என்றால் ஓட்டையைப் பெரிதாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். போர்ட்டின் மேல் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கணக்கு, ஏனென்றால் அது திறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. இந்த இன்ஜினின் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 28 மி.மீ. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை அரை மி.மீ. உயர்த்தினால், திறந்திருக்கும் காலம் மொத்தத்தில் நான்கைந்து டிகிரி கூடிவிடும். 1 மி.மீ. என்றால் 9 டிகிரிக்கு அருகில். 100 சிசி பைக்கில் அரை மி.மீ. என்பது கை சற்று நகர்ந்த அளவு. இங்கே அது இன்ஜினின் குணத்தையே மாற்றும். அதனால் தொடுவதற்கு முன் அளக்க வேண்டும். காகிதத்தில் டிகிரி சக்கரம் அச்சிட்டு ஃபிளைவீலில் ஒட்டி, பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப் போட்டு இரு பக்கமும் சுழற்றி நடுவை எடுத்தால் டிடிசி (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) துல்லியமாகக் கிடைக்கும். எக்ஸாஸ்ட், டிரான்ஸ்ஃபர் (கிராங்க் கேஸிலிருந்து புதுக் கலவை சிலிண்டருக்கு ஏறும் போர்ட்) இரண்டும் எத்தனை டிகிரியில் திறக்கின்றன என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸாஸ்ட் முதலில் திறந்து, அழுத்தம் இறங்கிய பிறகு டிரான்ஸ்ஃபர் திறக்க வேண்டும். திறந்திருக்கும் காலம் எக்ஸாஸ்ட்டுக்கு 156, டிரான்ஸ்ஃபருக்கு 120 டிகிரி என்று இருந்தால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 18 டிகிரிதான் இடைவெளி. டிரான்ஸ்ஃபரை மட்டும் ஆசையாக உயர்த்தினால் அந்த இடைவெளி சுருங்கி, எரிந்த புகை கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கும்.

அகலத்துக்கும் எல்லை உண்டு. ஒற்றை எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குப் போரில் 60 முதல் 65 சதவீதம் வரை போகலாம், 34 மி.மீ. போருக்கு 20 முதல் 22 மி.மீ. அதற்கு மேல் போனால் ரிங் பிதுங்கி மாட்டும். ரிங்கின் வாய் (இரு முனைகளும் சந்திக்கும் இடம்) எங்கே வருகிறது என்பதையும் பிஸ்டனை உள்ளே விட்டுப் பார்த்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால் பர்ரை எடுப்பதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் பைப்பை மாற்றுவேன். அழுத்த அலையைச் சரியான நேரத்தில் திருப்பி அனுப்பும் டியூன்டு பைப் இல்லாமல் எக்ஸாஸ்ட்டை உயர்த்துவது வெறும் சத்தத்துக்குத்தான். 16,000 ஆர்பிஎம்மில், எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் சுமார் 160 டிகிரியைச் சுற்ற ஒரு விநாடியில் அறுநூறில் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். சூடான புகையில் அழுத்த அலை அதற்குள் சுமார் 83 செ.மீ. ஓடும். போய்த் திரும்ப வேண்டும் என்பதால் பைப்பின் பயன்படும் நீளம் 41, 42 செ.மீ. அலை சரியான நேரத்தில் திரும்பினால்தான் வெளியே தப்பிய புதுக் கலவை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளப்படும். போர்ட் காலத்தை மாற்றினால் இந்த நீளமும் மாறும். பைப்பை ஒரு ஆர்பிஎம்முக்கும் போர்ட்டை வேறொரு ஆர்பிஎம்முக்கும் அமைத்துவிட்டு, இழுவை இல்லை என்று புலம்புவோர் நிறைய.

ஸ்குவிஷையும் பாருங்கள்; பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் ஓரத்துக்கும் சிலிண்டர் கூரைக்கும் இடையே உள்ள இடைவெளி அது. ஈயக் கம்பியை பிளக் துளை வழியே ஓரம் வரை விட்டு, இன்ஜினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய தடிமனை அளக்க வேண்டும். 0.6 மி.மீ. அருகில் வைத்தால் நல்லது. சிலிண்டருக்கு அடியில் மெல்லிய பேஸ் கேஸ்கட் போட்டு அதை அடையலாம். ஆனால் சிலிண்டர் இறங்கும்போது எல்லாப் போர்ட்டும் சேர்ந்து இறங்கும். எனவே கேஸ்கட்டை முதலில் முடிவு செய்துவிட்டுப் போர்ட்டை அளப்பதுதான் முறை.

செலவு பற்றியும் ஒரு வார்த்தை. ஜி230, ஜி260, ஜி290 மூன்றுக்கும் ஸ்ட்ரோக் அதே 28 மி.மீ.; போர் மட்டும் 32, 34, 36 என்று ஏறுகிறது. 36 மி.மீ. சிலிண்டர், பிஸ்டன் செட் வாங்கிப் போட்டாலே 28.5 சிசி ஆகிவிடும், குறைந்த ஆர்பிஎம் இழுவையும் சேர்ந்து கிடைக்கும். கிராங்க் கேஸ் 2 போல்ட்டா 4 போல்ட்டா என்று பார்த்து வாங்க வேண்டும். உங்களுக்கு வேண்டியது வேகம்தான், இன்ஜின் வேலையின் ருசி அல்ல என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

எவ்வளவு வேகம் கூடும் என்பதற்கு ஒரே எண்ணில் பதில் கிடையாது. ஆர்பிஎம் ஏறினால் பல்சக்கரம் மாற்ற வேண்டும். கிளட்ச் ஸ்பிரிங் பழையதாகவே இருந்தால், பவர் பிறக்கும் முன்பே பிடித்து வண்டி திணறும்.

எது செய்தாலும் முதல் ஓட்டத்துக்கு முன் எச் நீடிலை (கார்ப்பரேட்டரில் உச்ச வேகத்துக்கான பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு) அரைக்கால் சுற்று இடப்பக்கம் திறந்து வையுங்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் ஆக்சிஜன் இருப்பதால், கலவை ஏற்கெனவே நினைப்பதை விட மெலிந்திருக்கும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாது. போர்ட்டிங் செய்த இன்ஜின் அதையும் தாங்காமல் சீஸ் ஆகலாம், பிஸ்டன் இறுகி நின்றுவிடும். லிட்டருக்கு 40 மி.லி. ஆயில், அதற்குக் குறைய வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் டாங்கைக் காலி செய்து, கார்ப்பரேட்டர் வறளும் வரை இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு கார்ப்பரேட்டரின் சவ்வான டயாபிரத்தை விறைக்க வைத்துவிடும்; அப்புறம் அடுத்த ஞாயிறு ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தே கை ஓய்ந்துவிடும்.