பனங்கூடலுக்குள் ஒரு கூடை: டிஸ்க் கோல்ஃப் பற்றி வாசகர் கேட்டவை

கோல்ஃப் ஆட்டத்தில் பந்து, குழி. இதில் கையால் எறியும் தட்டு, சங்கிலி தொங்கும் இரும்புக் கூடை. ஆகக் குறைந்த எறிகளில் தட்டைக் கூடைக்குள் சேர்ப்பவர் வெல்வார். எறிமேடையிலிருந்து கூடை வரையான முழுப் பாதைக்கும் ‘ஹோல்’ என்று பெயர். இம்முறை வந்த கேள்விகளில் அநேகமானவை அதை அமைப்பது பற்றியவை.

எங்கள் கழகத்துக்கு ஒரு பனங்கூடல் கிடைத்திருக்கிறது. நிலம் முழுக்கச் சமதரை. மேடு பள்ளம் இல்லாமல் நல்ல ஹோல் அமைக்க முடியுமா? – கோப்பாய் வாசகர்

முடியும். பனை இருக்கும்போது மேட்டைத் தேடத் தேவையில்லை. தட்டு பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மீற்றர் உயரத்தில் பறக்கும். வளர்ந்த பனையின் வட்டு அதற்கு மேலே நிற்பதால் வழியில் குறுக்கிடுவது அடிமரம் மட்டுமே. மாமரமோ வேம்போ கிளையால் தட்டைப் பிடித்து வைக்கும். பனை அப்படியல்ல: பட்டால் தெறிக்கும், படாவிட்டால் சுத்தமாகப் போகும். எங்கே பிழைத்தது என்று எறிந்தவருக்கே விளங்கும். வடலிகள் தாழ்வாக வரும் எறியை மறிக்கும். உயரம், திசை இரண்டையும் சோதிக்க இவையே போதும்.

நல்ல ஹோல் என்றால் எறிமேடையில் நிற்பவருக்குக் குறைந்தது இரண்டு வழிகள் தெரிய வேண்டும். உதாரணமாக, இரண்டு பனைகளுக்கு நடுவே நேராக எறிந்தால் கூடைக்குப் பக்கத்தில் விழும், தவறினால் ஒரு எறி நட்டம். வெளிப்பக்கத்தால் வளைத்து எறிந்தால் ஆபத்தில்லை, ஆனால் கூடைக்கு இருபது மீற்றர் மிச்சமிருக்கும். எதைத் தெரிவது என்று அவர் ஒரு கணம் நின்று யோசித்தால் ஹோல் சரியாக அமைந்திருக்கிறது. ஒரே வழிதான், அதுவும் எல்லோருக்கும் இலகு என்றால் அலுப்பு. எந்த வழியும் தெரியாமல் மரங்களுக்குள் கண்ணை மூடி எறிவதென்றால் அதில் திறமைக்கு வேலையில்லை, அதிர்ஷ்டம் மட்டுமே.

இடைவெளியை மீற்றரில் மட்டும் பார்க்காதீர்கள். எறிமேடையிலிருந்து 15 மீற்றரில் 4 மீற்றர் இடைவெளி எவ்வளவு கடினமோ, 45 மீற்றரில் 12 மீற்றர் இடைவெளியும் அவ்வளவே கடினம். தூரத்தில் நிற்கும் இரண்டு பனைகள் அகலமாக நிற்பதுபோலத் தெரிந்தாலும் அவற்றுக்கிடையே 4 மீற்றர்தான் இருந்தால் நல்ல ஆட்டக்காரரும் தடவித்தான் எறிவார். மேடைக்கு முன்னால் ஐந்தாறு மீற்றருக்குள் மரம் நிற்கக்கூடாது. அதில் பட்ட தட்டு எறிந்தவர் மேலேயே திரும்பி வரும்.

வலக்கையால், புறங்கைப் பக்கமாக எறியும் தட்டு வேகம் குறையும்போது இடப்பக்கம் சரியும். இடக்கைக்காரருக்கு மறுபக்கம். எல்லாக் கூடைகளையும் இடப்பக்கத்திலேயே வைத்தால் வலக்கைக்காரர் ஒரே எறியை எறிந்துகொண்டு போவார். ஒன்று இடம், அடுத்தது வலம், பிறகு நேர் என்று மாற்றி வையுங்கள்.

கொங்கிறீற்று போட முதல் ஒரு வேலை பாக்கி. கூடை வரும் இடத்தில் கதியால் ஒன்றை நட்டுத் துணி கட்டி, பத்துப் பேரை இரண்டு முறை ஆட விட்டு எண்ணிக்கையை எழுதுங்கள். எல்லோருக்கும் 3 வந்தால் அந்த ஹோல் எவரையும் சோதிக்கவில்லை. நன்றாக எறிந்தவருக்கு 2, சுமாராக எறிந்தவருக்கு 3, பிழைத்தவருக்கு 4 என்று பிரிந்தால் அதை அப்படியே வையுங்கள். ஒரே மாதிரியான இரண்டு நல்ல எறிகளில் ஒன்றுக்கு 2, மற்றதுக்கு 5 என்றால் ஏதோ ஒரு மரம் நியாயமில்லாத இடத்தில் நிற்கிறது. அதற்காகப் பனையைத் தறிக்க வேண்டாம். மேடையை மூன்று மீற்றர் பக்கவாட்டில் நகர்த்தினால் கோணம் முழுவதும் மாறிவிடும்.

எவ்வளவு நீளம்? எவ்வளவு காணி வேண்டும்? – சுன்னாகம் வாசகர்

புதிதாகப் பழகுபவர்களுக்கு 45 முதல் 65 மீற்றர். 60 மீற்றர் ஹோலுக்குக் கூடைக்குப் பின்னால் 20 மீற்றர் வெறுமையும், மொத்தம் 30 மீற்றர் அகலமும் விட்டால் 2400 சதுர மீற்றர், அதாவது ஏறக்குறைய ஒன்பதரைப் பரப்பு. ஒரு ஹோலின் பாதை இன்னொன்றைக் குறுக்கறுக்கக் கூடாது. ஒழுங்கை, மதில், பங்குக் கிணறு எவையும் தட்டு போகக்கூடிய திசையில் இருக்கக்கூடாது. தட்டைத் தேடிப் பற்றைக்குள் இறங்க வேண்டி வரும் என்பதால், கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகாத காணியைத் தொடவே வேண்டாம்.

சோளகம் தொடங்கினால் தட்டு எங்கோ போகிறது. ஹோலை எந்தத் திசையில் வைப்பது? – பருத்தித்துறை வாசகர்

எதிர்காற்றில் தட்டு மேலே எழும்பும். வலக்கைக்காரரின் புறங்கை எறி வலப்பக்கம் புரளும். பின்காற்றில் அது சீக்கிரம் தாழ்ந்து இடப்பக்கம் சரியும். பக்கக் காற்று தட்டின் அடிப்பக்கத்தில் பிடித்தால் தூக்கிக்கொண்டு போகும், மேற்பக்கத்தில் பட்டால் நிலத்தில் அமுக்கும்.

சோளகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் வருவதால் இந்த இரண்டு திசைகளையும் இணைக்கும் கோட்டில் வைத்த ஹோல் பருவத்துக்குப் பருவம் மாறும். தென்மேற்கு நோக்கி எறிந்தால் ஆடியில் எதிர்காற்று, மார்கழியில் பின்காற்று. இது குறையல்ல, ஒரே காணியில் இரண்டு ஹோல் கிடைத்த மாதிரி. ஆனால் மிக நீளமான ஹோலைச் சோளகத்துக்கு எதிரே வைக்காதீர்கள், பழகுபவர்கள் மனம் விட்டுவிடுவார்கள். எதிர்காற்றுக்கு 45 மீற்றர் போதும். கூடைக்குப் பின்னால் வடலி வரிசை நின்றால் ஓடும் தட்டை அது தாங்கும்.

எறிமேடைக்கு மண் போதாதா? – உரும்பிராய் வாசகர்

உங்கள் செம்மண் மாரியில் சறுக்கும், கோடையில் கால் வைத்த இடத்தில் குழி விழும். கொங்கிறீற்று நல்லது: 3 மீற்றர் நீளம், 1.5 மீற்றர் அகலம், 10 சென்ரிமீற்றர் கனம். ஒன்றுக்கு இரண்டு, நான்கு என்ற கலவையில் 50 கிலோ சீமெந்து மூன்று பை அளவில் முடியும். முழுமட்டமாக விடாமல் பின்பக்கம் இரண்டு சென்ரிமீற்றர் தாழ்வு கொடுத்தால் தண்ணீர் நிற்காது. மேசன் வழக்கம்போல மினுக்கி விடப் பார்ப்பார், விடாதீர்கள். ஈரம் காய முன் தும்புத்தடியால் எறியும் திசைக்குக் குறுக்காக இழுத்தால் காலுக்குப் பிடி இருக்கும். ஏழு நாள் ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். முன்விளிம்பும் நிலமும் ஒரே மட்டத்தில் இருப்பது முக்கியம். எறிந்த வேகத்தில் கால் முன்னே போகும். அங்கே பத்து சென்ரிமீற்றர் பள்ளம் இருந்தால் கணுக்கால் பிரளும்.

கூடையை இங்கே ஒட்டுவேலைக் கடையில் செய்விக்கலாமா? அதுவரை மரத்தையே இலக்காக வைக்கலாமா? – மானிப்பாய் வாசகர்

மரம் தாராளமாகப் போதும். 1975 இல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் எட் ஹெட்றிக் அமைத்த முதல் நிரந்தரத் திடலிலும் தொடக்கத்தில் கம்பங்கள்தான் இலக்கு. சங்கிலிக் கூடையை அவர் பிறகுதான் உருவாக்கினார். பனையில் நெஞ்சளவில் ஒரு நிறப்பட்டி கட்டி, அதில் பட்டால் முடிந்தது என்று ஆடலாம். ஆணி மட்டும் அடிக்காதீர்கள்.

கூடை செய்விப்பதென்றால் அதன் விளிம்பு நிலத்திலிருந்து 82 சென்ரிமீற்றர் உயரத்தில் வரட்டும். அகலம் 65 சென்ரிமீற்றர் அளவில். சங்கிலி இரண்டு வரிசை வேண்டும், வெளியே 12, உள்ளே 6. வெளிவரிசை மட்டும் போட்டால் வேகமாக வரும் தட்டு ஊடறுத்துப் போய்விடும். சங்கிலி இறுக்கமாகத் தொங்கினால் தட்டைத் தள்ளிவிடும், ஆகவே தளர்வாகத் தொங்க விடுங்கள். கடற்காற்றுக்கு நாகம் பூசிய இரும்பே நிலைக்கும்.

கம்பத்தை நேரே கொங்கிறீற்றில் புதைக்காமல், அது இறங்கி நிற்கக்கூடிய குழாயை 45 சென்ரிமீற்றர் ஆழத்தில் புதையுங்கள். ஒவ்வொரு ஹோலுக்கும் இப்படி இரண்டு குழாய்கள் போட்டால் கூடையை மாற்றி வைக்கலாம். கூடையைச் சுற்றி 10 மீற்றர் வரை தரையைத் துப்பரவாக வையுங்கள். அந்த எல்லைக்குள் நின்று எறிபவர் எறிந்த பின்னும், தட்டு முன்பு விழுந்த இடத்தைக் காட்டும் தன் குறியைத் தாண்டாமல் சமநிலையில் நிற்க வேண்டும் என்பது விதி. காவோலையும் பனங்கொட்டையும் கிடக்கும் தரையில் அது நடக்காத காரியம். பனம்பழக் காலத்தில் பழம் விழும் மரத்தடிக் குழாயைப் பாவிக்காமல் மற்றதுக்கு மாற்றிவிடுங்கள்.