தட்டை இப்போதே மாற்றத் தொடங்குங்கள்

கேள்வி: எனக்கு வயது 38. உயரம் 158 செ.மீ., எடை 104 கிலோ. ஏழு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. அடுத்த மாதம் இரைப்பையைச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருக்கிறார்கள். கணவர் துணையாக இருக்கிறார். மாமியாரோ, ‘வாயைக் கட்டினால் போதாதா, வயிற்றை அறுக்க வேண்டுமா?’ என்கிறார். இந்த ஒரு மாதத்தில் நான் எப்படித் தயாராக வேண்டும்? அதன் பிறகு எல்லோரையும் போலச் சாப்பிட முடியுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

வாயைக் கட்டிப் பார்த்துத் தோற்றுப் போகாதவர் எவரும் பெரும்பாலும் இந்த அறுவை சிகிச்சை வரை வருவதில்லை. எடை குறையக் குறைய உடல் பசியைக் கூட்டி, இழந்ததை மீட்கவே பார்க்கும். இதில் உங்கள் மன உறுதியின் குறை எதுவும் இல்லை. உயரத்துக்கு எடை எவ்வளவு என்பதைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு உங்களுக்கு ஏறக்குறைய 42. அறுவை மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்புகள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 35 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இச்சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது. ஆசியர்களுக்கு அந்த வரம்பு இன்னும் குறைவு. எனவே இது அவசர முடிவும் அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீக்கப்பட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாய் மட்டும் எஞ்சும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவில் சுரக்கும் பகுதியும் அதனுடன் போய்விடுவதால், தொடக்க மாதங்களில் பசி வெகுவாக அடங்கிவிடும்.

அந்த மாதங்களுக்குள் புதிய பழக்கம் கைவந்துவிட வேண்டும் என்பதால்தான், பயிற்சியை இன்றே தொடங்கச் சொல்கிறேன். சிறு கிண்ணத்தில் ஓர் இட்லியை எடுத்துக்கொண்டு, சிறு விள்ளல்களாக, கூழாகும் வரை மென்று, இருபது நிமிடம் சாப்பிட்டுப் பாருங்கள். முதல் நாள் ஐந்தே நிமிடத்தில் கிண்ணம் காலியாகிவிடும். பத்து நாளில் வசப்படும். தட்டுக்குப் பக்கத்தில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தையும் விடுங்கள். சாப்பிடும்போதும், சாப்பிட்டு முடித்த அரை மணி நேரம் வரையும் தண்ணீர் வேண்டாம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மருத்துவமனையில் தரும் குறைந்த மாவுச்சத்து உணவுப் பட்டியலைத் தவறாமல் கடைப்பிடியுங்கள். ‘இனி சாப்பிட முடியாதே’ என்று பிரியாணியும் இனிப்புமாக விருந்து உண்டுவிட்டு வருபவர்களைக் காணும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். கொழுப்பு சேர்ந்து பெருத்த கல்லீரல் இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். அது சுருங்கியிருந்தால்தான் சிறு துளைகளின் வழியே பணியாற்றும் மருத்துவருக்கு இடம் கிடைக்கும். அந்த நாள்களில் சர்க்கரை மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கும், சில மாத்திரைகளைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். இவற்றை நீங்களாகச் செய்யாமல் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். பலத்த குறட்டை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்த அன்றே உங்களை நடக்கச் சொல்வார்கள். காலில் இரத்தம் உறையாமல் இருக்க அந்த நடை அவசியம். முதலில் தெளிந்த நீராகாரம், அடுத்து வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மோர், சூப், பிறகு மசித்தவை, மென்மையானவை என்று படிப்படியாக வழக்கமான உணவுக்கு வர ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். தண்ணீரை மடக்கென்று குடிக்க முடியாது. இரண்டு மேசைக்கரண்டி, அதாவது 30 மி.லி. அளவை வாய் வாயாக அருந்தி, சற்று விட்டு மீண்டும் அருந்த வேண்டும்.

நம் வீடுகளில் நேரும் ஒரு தவறு உண்டு. ‘உடம்புக்கு இதம்’ என்று அன்போடு கஞ்சியும் ரசம் சாதமுமே கொடுப்பார்கள். அவை எளிதில் இறங்கும், ஆனால் உங்களுக்குத் தேவையான புரதம் அவற்றில் மிகக் குறைவு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு முட்டையில் இருப்பதோ ஆறு கிராம் அளவுதான். ஆகவே முட்டை, தயிர், பனீர், மீன், பருப்பு ஆகியவற்றை முதலில் சாப்பிட்டு, இடமிருந்தால் மட்டும் சோற்றுக்கு வாருங்கள். மூன்று, நான்கு மாதத்தில் முடி கொத்தாக உதிரும்போது பயந்துவிடாதீர்கள். புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். வைட்டமின், கால்சியம் மாத்திரைகளும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

காய்ச்சல், அடங்காத படபடப்பு, கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, இடது தோள்பட்டை வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் – இவற்றில் எது தெரிந்தாலும் ‘வாயுவாக இருக்கும்’ என்று ஓமத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். தைத்த இடத்தில் கசிவோ இரத்த உறைவோ ஏற்பட்டிருக்கலாம். அந்த நேரமே, நள்ளிரவானாலும், மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாந்தி நிற்காமல் தொடர்ந்தாலும் அப்படியே. வைட்டமின் பி1 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படக்கூடும். மருந்துக்கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள்.

எல்லோரையும் போலச் சாப்பிட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சாப்பிடுவதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் சாப்பிடலாம், ஆனால் அவர்கள் சாப்பிடும் அளவுக்குச் சாப்பிட முடியாது. கல்யாணப் பந்தியில் ‘இன்னும் கொஞ்சம்’ என்று இலையில் வைப்பவர்களிடம் மறுக்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். அப்போது பக்கத்தில் ஒருவர் ‘அவளுக்குப் போதும், விடுங்கள்’ என்று சொன்னால் பெரிய பலம். அந்த ஒருவர் உங்கள் மாமியாராகவே இருக்கலாம். அறுவை சிகிச்சைக்கு முன் உணவியல் ஆலோசகரைப் பார்க்கச் செல்லும் நாளில் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்வியை அவரே அங்கே கேட்கட்டும், பருப்புத் தண்ணீரை எந்தப் பக்குவத்தில் வடிகட்டுவது என்பதையும் அவரே கேட்டறிந்து வரட்டும்.