டிரோன் கேள்வி பதில்: இன்ஸ்பயரை விற்கலாமா?

(உடுமலை, பல்லடம் வட்டாரத்தில் கல்யாணம், ரேக்ளா, விளம்பரம் என்று டிரோனில் படம் எடுத்துவரும் நம் கட்டுரையாளர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டிஜேஐ இன்ஸ்பயர் 2 கையில் இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு மேவிக் 3 ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கலாம் என்கிறார்கள் கடைப் பையன்கள். ஓட்டுவதற்கு எதுங்க மேல்?
வாசகர், பல்லடம்

என்ன வேலை அதிகம் வருகிறது என்று எழுதவில்லையே நீங்கள்! கல்யாணம்தான் பிழைப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், மேவிக் 3 போதும். எடை 895 கிராம். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் வந்து நிற்கும்போது பையிலிருந்து எடுத்து மேலே ஏற்றிவிடலாம். இன்ஸ்பயர் 2 கேமரா மாட்டாமலே 3440 கிராம். பெட்டியைத் திறந்து, காலை விரித்து, கேமராவைப் பூட்டி, இரண்டு பேட்டரியையும் சொருகி நிமிர்வதற்குள் அருமைக்காரர் பாதிச் சீரை முடித்திருப்பார்.

ஆனால் ஓட்டும் கையைக் கேட்டால் கதை வேறு. இன்ஸ்பயர் 2 வந்தது 2016 நவம்பரில், மேவிக் 3 வந்தது 2021 நவம்பரில். ஐந்து வருட இடைவெளி என்பதால் புதுசு எல்லாவற்றிலும் மேல் என்று பையன்கள் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலைக்குச் செய்த பொருள்கள் அல்ல.

ரேக்ளாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 மீட்டர் ஓட்டம். வண்டிக்குப் பக்கவாட்டில் பறந்துகொண்டே மாட்டின் முகத்தைப் பிடிக்க வேண்டும். மேவிக் 3-இன் கேமரா மேலும் கீழும் அசையும். இடவலமாகத் திருப்ப வேண்டுமென்றால் டிரோனையே திருப்ப வேண்டும். அதாவது, ஒரே ஆள் வலது கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு, இடது கட்டைவிரலால் மூக்கைத் திருப்பிக்கொண்டு, ஆள்காட்டி விரலால் கேமராச் சக்கரத்தையும் உருட்ட வேண்டும். வண்டி எல்லைக்கோட்டுக்கு முன்னால் கொஞ்சம் விலகி ஓடினால் மூன்றையும் ஒரே நேரத்தில் திருத்த வேண்டும். எவ்வளவு பழகிய கையாக இருந்தாலும் ஃபிரேம் ஒருமுறை தடுமாறும்.

இன்ஸ்பயரில் இந்த வேலையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஓட்டுபவருக்கு மூக்கில் தனிக் கேமரா இருக்கிறது. அவர் அதைப் பார்த்து, நேர்கோட்டில், மரத்தையும் கரண்ட் கம்பியையும் கவனித்துப் போனால் போதும். கீழே தொங்கும் கேமராவை இன்னொருவர் இன்னொரு ரிமோட்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புவார். கால்கள் மேலே தூக்கிக்கொள்வதால் கேமரா எந்தப் பக்கம் பார்த்தாலும் கால் குறுக்கே வராது. 5 வினாடியில் 80 கிலோமீட்டர் வேகம் பிடிக்கும், உச்சம் 94. இதனால்தான் ரேக்ளாவுக்கு நான் இன்னும் இன்ஸ்பயரையே தூக்கிக்கொண்டு போகிறேன். ஒரு சங்கடம் மட்டும் உண்டு. 15 அங்குல இறக்கை போடும் சத்தத்துக்கு மாடு மிரளும். பக்கத்தில் போகவே கூடாது. இன்ஸ்பயரில் மாட்டும் எக்ஸ்5எஸ் கேமராவில் 45 மி.மீ. லென்ஸைப் போட்டுத் தள்ளி நின்று எடுங்கள்.

ஆகவே, கல்யாணத்தோடு ரேக்ளா, தோட்ட விளம்பரம், சினிமாப் பாட்டு என்று வேலை வந்தால் இன்ஸ்பயரை விற்காதீர்கள். இன்றைக்கு அதற்குக் கிடைக்கிற விலையை நினைத்தால் விற்பதில் அர்த்தமும் இல்லை. பேட்டரி ஜோடி நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று: சூலூர் விமானப்படைத் தளமும் கோவை விமான நிலையமும் அருகில் இருக்கின்றன. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறம் போட்டுக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் என்ன நிறம் என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும், எந்த டிரோனாக இருந்தாலும்.

சினிமாவில் கேமரா உதவியாளராக இருக்கிறேன். மூத்தவர்கள் "ஆட்டி மோடில் போடு, ஷாட் வழுக்கிக்கொண்டு வரும்" என்கிறார்கள். என் மேவிக் 3-இல் அந்த ஸ்விட்சே இல்லையே, அண்ணா?
வாசகர், பொள்ளாச்சி

இல்லைதான், தம்பி. டிஜேஐயின் பழைய டிரோனான ஃபாண்டம் 4 ப்ரோவின் ரிமோட்டில் பி (ஜிபிஎஸ்ஸோடு ஓடும் சாதாரண நிலை), எஸ் (வேக நிலை), ஏ என்று மூன்று நிலை இருக்கும். அந்த ஏ-தான் ஆட்டி. அதில் போட்டால் டிரோன் ஜிபிஎஸ்ஸையும் அடியில் இருக்கும் கேமராவையும் மறந்துவிடும். தன்னை மட்டமாக வைத்துக்கொள்ளும், உயரத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே போகும். மேவிக் 3-இல் இருப்பது ‘சி’ (மெதுவான சினிமா நிலை), ‘என்’ (சாதாரண நிலை), ‘எஸ்’ (வேக நிலை). ஜிபிஎஸ்ஸும் பார்வைச் சென்சாரும் சேர்ந்து கைவிட்டால் மட்டும், உன்னைக் கேட்காமல், அதுவாக அந்த நிலைக்குப் போகும்.

மூத்தவர்கள் அதை விரும்பியதற்குக் காரணம் பிரேக். ஜிபிஎஸ் நிலையில் ஸ்டிக்கை விட்டதும் டிரோன் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதற்காக மூக்கைத் தூக்கிப் பின்னால் சாயும். ஷாட்டின் கடைசி இரண்டு வினாடி அங்கேதான் பாழாகிறது. ஆட்டியில் ஸ்டிக்கை விட்டால் மட்டத்துக்கு வந்து, வேகம் தானாகக் குறையும்வரை மிதந்துகொண்டே போகும். ஆழியாறு அணைமேல் தண்ணீரை ஒட்டிப் போய் மெல்ல அடங்குகிற ஷாட்டுக்கு அதுதான் அழகு. ஆனால் நிறுத்துவது உன் பொறுப்பு. எதிர்ப்பக்கம் ஸ்டிக்கைக் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

மேவிக்கில் இதில் முக்கால் பங்கைக் கொண்டுவரலாம். டிஜேஐ ஃப்ளை செயலியில் ‘கெயின், எக்ஸ்போ’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் பிரேக் சென்சிடிவிட்டியை நன்றாகக் குறை. திரும்புகிற வேகத்தைக் குறைத்து, யா ஸ்மூத்னெஸை, அதாவது மூக்கைத் திருப்புகிற மென்மையைக் கூட்டு. எக்ஸ்போவையும் கொஞ்சம் இறக்கினால் ஸ்டிக்கின் நடுப்பகுதி மென்மையாகிவிடும். ‘என்’ நிலைக்கு ஒரு கணக்கு, ‘சி’ நிலைக்கு ஒரு கணக்கு என்று தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். பிரேக்கைக் குறைத்தபின் டிரோன் நிற்க அதிக தூரம் எடுக்கும். தென்னந்தோப்புக்குள் போகுமுன் இது ஞாபகம் இருக்கட்டும். மட்டைக் கீற்றின் நுனி மெல்லியது. சென்சார் அதைப் பார்க்கும் என்று நம்பாதே. எஸ் நிலையில் அந்தச் சென்சார் தடுக்கவே தடுக்காது, பழசிலும் சரி, புதுசிலும் சரி.

ஆனி, ஆடியில் மேவிக் 3-ஐ ஏற்றினாலே "காற்று அதிகம்" என்று திரையில் எச்சரிக்கை வருகிறது. பழைய ஃபாண்டம் 4 ப்ரோவில் இவ்வளவு தொல்லை இல்லை. புதுசு எடை குறைவு என்பதால் தாங்கவில்லையா?
வாசகர், தாராபுரம்

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் உட்கார்ந்துகொண்டு காற்று அதிகம் என்கிறீர்களே! மலைத்தொடரில் சுமார் 30 கிலோமீட்டருக்குத் திறந்து கிடக்கும் அந்த வழியாகத்தான் மேல்காத்து உள்ளே வருகிறது. உடுமலையிலிருந்து உங்கள் ஊர்வரை காற்றாலை நிற்பது அதனால்தானே.

கணக்குப்படி புதுசுதான் அதிகம் தாங்கும். ஃபாண்டம் 4 ப்ரோவுக்கு நிறுவனம் சொன்ன வரம்பு வினாடிக்கு 10 மீட்டர் காற்று, மேவிக் 3-க்கு 12. எடை குறைவுதான், ஆனால் உடம்பு ஒல்லி; காற்றுக்கு அகப்படும் பரப்பும் குறைவு. இரண்டிலும் காற்றளக்கும் கருவி என்று தனியாக எதுவும் கிடையாது. ஒரே இடத்தில் நிற்க எவ்வளவு சாய வேண்டியிருக்கிறது என்பதை வைத்துத்தான் காற்றைக் கணிக்கிறது. ஃபாண்டம் ஆடுவது கீழே நிற்பவருக்கே தெரியும், நாமே இறக்கிவிடுவோம். மேவிக் அங்கே என்ன பாடு பட்டாலும் படம் கல்லுப்போல நிற்கும். எச்சரிக்கையைத் தவிர உங்களுக்கு வேறு அறிகுறியே வராது. அதை மதியுங்கள்.

திரும்பி வருவதில்தான் ஆபத்து. 10 மீட்டர் காற்று எதிரில் அடிக்கிறது, டிரோன் 1 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது என்று வையுங்கள். ஃபாண்டம் பி நிலையில் உச்சம் மணிக்கு 50 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 14 மீட்டர். காற்றைக் கழித்தால் மிச்சம் 4. வந்து சேர 4 நிமிடம். மேவிக் ‘என்’ நிலையில் 15 மீட்டர், மிச்சம் 5. மூன்றே கால் நிமிடத்துக்குக் குறையாது. எஸ் நிலைக்கு மாற்றினால் இரண்டுமே ஏறக்குறைய ஒன்றரை நிமிடத்தில் வந்துவிடும். 46 நிமிடம் பறக்கும் என்று பெட்டியில் போட்டிருப்பது காற்றில்லாத இடத்தில் எடுத்த கணக்கு, தாராபுரத்துக்கு அது பொருந்தாது.

வீடு திரும்பும் பொத்தானை அமுக்குவது இந்தக் காற்றில் நல்ல யோசனை அல்ல. நாம் வைத்திருக்கும் உயரத்துக்கு முதலில் ஏறிவிட்டுத்தான் டிரோன் கிளம்பும். மேலே போகப்போகக் காற்று கூடும். காற்றாலையை அவ்வளவு உயரமாகக் கட்டுவது வேறு எதற்காக? கம்பியும் மரமும் இல்லாத பக்கமாகக் கையால் தாழ இறக்கி, எஸ் நிலையில் ஓட்டிக்கொண்டு வாருங்கள். இன்னும் நல்லது, போகும்போதே மேற்கே போங்கள். திரும்பும்போது காற்று பின்னால் இருக்கும்.

இன்ஸ்பயர் 3 வாங்கலாமா?
வாசகர், ஈரோடு

2023-இல் வந்த அருமையான டிரோன். ஆனால் வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்ய 2022 பிப்ரவரியிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. யாராவது "பில் இல்லாமல் தருகிறேன்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

என் மகள் விஸ்காம் படிக்கிறாள், வயது 19. பழைய ஃபாண்டம் 4 ப்ரோ ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது. அதில் பழகட்டுமா, புதுசாகப் பார்த்து வாங்கித் தரட்டுங்களா?
வாசகி, கோபிசெட்டிபாளையம்

பழசிலேயே பழகட்டுமுங்க. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு மறுயோசனையே இல்லை. புது டிரோனில் பழகும் பிள்ளைகளுக்குக் கையை விட்டால் அது நின்றுவிடும் என்று மனதில் பதிந்துவிடுகிறது. ஜிபிஎஸ் சிக்னல் போன அன்றைக்கு எந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளுவது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

நெல் அறுத்த வயல் ஒன்றில், காலை வெயில் ஏறுமுன், ஆட்கள் இல்லாதபோது ஏற்றட்டும். முதலில் பி நிலை. டிரோனின் மூக்கைத் தன்னைப் பார்க்கத் திருப்பி வைத்துக்கொண்டு இடவலமாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாம் தலைகீழாக இருக்கும், அது கைக்கு வரும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். அப்புறம் எட்டுப் போடட்டும். அதற்குப் பிறகுதான் ஆட்டி. இறக்கும்போது நேர் கீழே வேகமாக இறக்கக் கூடாது. தன் இறக்கை கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே இறங்கி, தூக்கும் சக்தி போய்த் தள்ளாடும். கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டே இறக்கினால் அந்தத் தொல்லை வராது.

வாங்கும்போது டிஜேஐ கோ 4 செயலியில் பேட்டரியின் செல் ஒவ்வொன்றின் வோல்ட்டையும் பாருங்கள். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். 1388 கிராம் என்பதால், எடையை வைத்து அரசு பிரித்திருக்கும் வகைகளில் இது மைக்ரோ வகை. தொழிலுக்கு இல்லாமல் ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. காசு வாங்கிக்கொண்டு முதல் கல்யாணத்தை எடுக்கப் போகுமுன் சான்றிதழ் கட்டாயம். வயது 18 முடிந்து பத்தாவது தேறியிருந்தால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் சேரலாம். விற்பவரிடம் டிரோனின் யுஐஎன் என்கிற அரசுப் பதிவு எண்ணைக் கேட்டு, அதை உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.