ஸ்டார் வார்ஸ் கேள்வி-பதில்: நல்லவர்கள் எடுத்த கெட்ட முடிவுகள்

முதலில் ஒரு வேண்டுகோள். வழக்கமானதுதான். "மூன்றாம் பாகம்" என்று எழுதாதீர்கள். மூன்றாவதாக வெளியானது 1983 படம். மூன்றாம் எண் போட்டு வந்தது 2005 படம். ஒன்றில் பிள்ளை கதாநாயகன், இன்னொன்றில் அப்பன். வருடத்தைப் போட்டு எழுதினால் உங்களுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. இன்னொன்று, இங்கே பேசுவது திரைப்படங்களை மட்டும். "நாவலில் விளக்கம் இருக்கிறது, காமிக்ஸில் இருக்கிறது" என்று வருகிறவர்களுக்கு என் பதில்: அதைப் படத்திலேயே வைத்திருக்கலாமே.

லூக்கை ஒளித்து வைக்க டாட்டூயின்தான் கிடைத்ததா? அதுவும் ஸ்கைவாக்கர் என்ற பெயரோடு? (பள்ளத்தூர்)

ஜெடாய் என்ற வீரர் கூட்டத்தைச் சேர்ந்த ஒபி-வான்தான் குழந்தை லூக்கை டாட்டூயின் என்ற பாலைவனக் கிரகத்தில் ஒளித்து வைத்தவர். அவர் பக்கமும் ஒரு வாதம் உண்டு. லூக்கின் அப்பா அனகின் ஸ்கைவாக்கர்தான் பிறகு வேடர் என்ற வில்லன் ஆனவன். தனக்குக் குழந்தை இருப்பதே வேடருக்குத் தெரியாது. தேடாத பொருளை எங்கே வைத்தால் என்ன? மேலும் அவனுக்கு மணல் என்றாலே ஆகாது. 2002 படத்தில் காதலியிடமே அதைச் சொல்லிப் புலம்பியவன். இதுவரை சரி. ஆனால் குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்த வீடு, அவனுடைய அம்மா வாழ்க்கைப்பட்டுப் போன வீடு. அவளை அடக்கம் செய்ததும் அங்கேதான். லூக்கோடு இரட்டையாகப் பிறந்த லேயாவுக்காவது ஆர்கனா என்று புதுக் குடும்பப் பெயர் கிடைத்தது. ஒபி-வான் தன் பெயரையும் பாதிதான் மாற்றினார்: முன்னால் 'பென்', பின்னால் அதே கெனோபி. பையனுக்கு அந்தப் பாதியும் இல்லை. இருபது வருடம் யாரும் வந்து தட்டாதது அதிர்ஷ்டம். விளைவு நன்றாக அமைந்துவிட்டது என்பதற்காக எடுத்த முடிவு நல்ல முடிவாகிவிடாது. இதை நான் அடிக்கடி சொல்வேன், இன்றைக்கும் மறுபடி வரும்.

மதுக்கடையில் முதலில் சுட்டது ஹானா, கிரீடோவா? (அரியக்குடி)

கடத்தல்காரன் ஹானைப் பிடிக்க வந்த கூலிக்காரன் கிரீடோ. 1977-ல் ஹான் மட்டும்தான் சுட்டான். 1997 மறுவெளியீட்டில் கிரீடோவை முதலில் சுட வைத்தார்கள். நான் 1977 கட்சி.

மூன்றாம் பாகத்தில் ஹீரோ ஏன் அப்படி முட்டாள்தனமாக நடந்துகொண்டார்? (காரைக்குடி, செக்காலை)

எந்த மூன்றாம் பாகம்? எந்த ஹீரோ? எப்படி நடந்துகொண்டார்? மூன்றையும் எழுதி மறுபடி அனுப்புங்கள்.

1980 படத்தில் பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு லூக் நண்பர்களைக் காப்பாற்றப் போனது தவறா? (காரைக்குடி, கல்லூரி மாணவர்)

தவறுதான். யாரைக் காப்பாற்றினான் என்று பாருங்கள். ஹானை அதற்குள் உறைய வைத்துக் கட்டி அனுப்பியாயிற்று. லேயாவும் ஹானின் கூட்டாளி சூபாக்காவும் ஹானின் நண்பன் லேண்டோவோடு தாங்களாகவே தப்பிக்கிறார்கள். அப்புறம் கை போய்க் கீழே தொங்கிக்கொண்டிருக்கும் இவனுக்காக அவர்கள்தான் கப்பலைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. ஆனால் பழியை முழுக்கப் பையன் தலையில் போட மாட்டேன். "போகாதே, அது பொறி" என்று சொன்ன ஜெடாய் குரு யோடாவும் ஒபி-வானும், பொறிக்குள் உட்கார்ந்திருப்பது உன் அப்பா என்பதைச் சொல்லவில்லை. பாதி விவரத்தைக் கொடுத்துவிட்டு முழுப் பொறுமையை எதிர்பார்த்தார்கள்.

"ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான்" என்று ஒபி-வான் 1983-ல் சமாளிப்பதை ஏற்கிறீர்களா? (கானாடுகாத்தான் வாசகி)

ஏற்கவில்லை. "உன் அப்பாவை வேடர் கொன்றான்" என்று 1977-ல் சொல்லிவிட்டு, அந்த வேடரைக் கொல்லப் பிள்ளையையே தயார் செய்தவர் அவர். வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று கம்பன் விழா மேடையில் விடிய விடிய வழக்காடியும் சலிக்காத ஊர்க்காரர்கள் நாம். அங்கே ராமனுக்காகப் பேசுகிறவர் நாலு காரணமாவது எடுத்துவைப்பார். ஒபி-வான் எடுத்துவைப்பது கோணத்தை மட்டும்.

2002 படத்தில் யார் ஏற்பாடு செய்தது என்றே தெரியாத குளோன் படையை ஜெடாய்கள் எப்படி வாங்கிக்கொண்டார்கள்? (தேவகோட்டை)

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன்.

வரிசையாகப் பார்ப்போம். குளோன் படை என்றால் ஒரே ஆளின் நகல்களாக வளர்த்த வீரர்கள். அவர்களைத் தயாரித்த கமினோ என்ற கிரகமே ஜெடாய்களின் ஆவணக் காப்பகத்தில் இல்லை. யாரோ அழித்திருக்கிறார்கள், அழிப்பதென்றால் அது ஒரு ஜெடாயால்தான் முடியும். ஒபி-வான் புறப்படும் முன்பே இது தெரியும். போய் இறங்கினால் "உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம்" என்று வரவேற்பு. இரண்டு லட்சம் தயார், இன்னும் பத்து லட்சம் வந்துகொண்டிருக்கிறது என்கிறார்கள். ஆர்டர் கொடுத்தவர் சைஃபோ-டயஸ் என்ற ஜெடாய். அவரோ பத்து வருடத்துக்கு முன்பே கொல்லப்பட்டவர். ஜெடாய் சபை அப்படி ஓர் அனுமதியே கொடுக்கவில்லை. படை மொத்தத்துக்கும் அச்சாக நின்ற ஜாங்கோ ஃபெட், தன்னை அமர்த்தியது டைரனஸ் என்கிற வேறொருவர் என்கிறான். செனட்டர் பத்மேயைக் கொல்ல ஆள் ஏவியவனும் இதே ஜாங்கோதான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு யோடா என்ன செய்கிறார்? நேரே கமினோவுக்குப் போய்ப் படையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வருகிறார்.

பணம் யார் கட்டியது? பன்னிரண்டு லட்சம் பேரை வளர்த்து, சோறு போட்டு, பயிற்சி கொடுத்து, கவசம் மாட்டிய செலவு. அதுவும் பத்து வருடச் செலவு. படம் முழுக்க ஒரு வாய் இதைக் கேட்கவில்லை. ரங்கூன் வட்டிக்கடையில் புதிதாகச் சேர்ந்த பெட்டியடிப் பையன்கூட, யார் பேரில் எழுதுவது என்று கேட்டுவிட்டுத்தான் பேரேட்டைத் திறப்பான். எண்ணூறு வயதைத் தாண்டிய யோடாவுக்கு அது தோன்றவில்லை. "இந்தப் படை உருவானதைப் பார்க்க முடியாமல் போனதே, நாம் குருடர்கள்" என்று வருத்தப்படத் தெரிகிறது. கணக்கைக் கேட்கத் தெரியவில்லை. வருத்தப்பட்ட கையோடு, நம் சக்தி குறைந்ததைச் செனட்டுக்குச் சொல்ல வேண்டாம் என்று வேறு முடிவெடுக்கிறார்.

"வேறு வழி ஏது? ஜியோனோசிஸ் கிரகத்து அரங்கில் ஒபி-வானும் மற்றவர்களும் சாகக் கிடந்தார்களே?" என்பீர்கள். சரி. அன்றைக்கு அந்தப் படையை இறக்கியதை நான் குறை சொல்லவில்லை. மறுநாள் விசாரித்திருக்கலாம் அல்லவா? சுமார் மூன்று வருடம் அதே வீரர்களை முதுகுக்குப் பின்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு போர் நடத்தினார்கள். கமினோக்காரர்கள் எதையும் ஒளிக்கவும் இல்லை. எந்த உத்தரவையும் மறுகேள்வி இல்லாமல் நிறைவேற்றுவார்கள், அப்படித்தான் உருவாக்கியிருக்கிறோம் என்று பெருமையாகவே சொன்னார்கள். யாருடைய உத்தரவை என்று திருப்பிக் கேட்க வேண்டாமா? 2005-ல் ஜெடாய்களைக் கொல்லச் சொல்லும் 66-ஆம் உத்தரவு வந்தபோது அதற்குப் பதில் தெரிந்தது. கேட்பதற்குத்தான் ஆள் மிஞ்சவில்லை. செனட்டே ஜெடாய்களின் பரம எதிரிகளான சித் கூட்டத்தின் தலைவன் ஒருவன் கையில் இருக்கிறது, அவன் பெயர் சிடியஸ் என்று டூக்கு 2002-லேயே ஒபி-வான் முகத்துக்கு நேரே சொன்னான். எதிரி சொன்னான் என்று தள்ளிவிட்டார்கள். எதிரி சொன்னாலும் சரிபார்த்துவிட்டுத் தள்ளலாமே.

கார்ட்டூன் தொடரில் விசாரித்தார்களே என்று எழுத வேண்டாம். முதல் பத்தியைப் படியுங்கள்.

1983-லும் இதே பாடுதான். டெத் ஸ்டார் என்ற ராட்சத ஆயுத நிலையத்தை இரண்டாவதாகக் கட்டுகிறார்கள். அதன் இருப்பிடம், பேரரசர் அங்கே வரும் செய்தி எல்லாம் புரட்சிப்படையின் கைக்கு வருகிறது. உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த தகவல் என்கிறார்கள். கசியவிட்டதே பேரரசர். பெரிய சாமான் தானாகக் கைக்கு வந்தால், கொடுத்தவன் யார், எதற்குக் கொடுத்தான் என்று முதலில் கேளுங்கள். ஒரு தலைமுறை தாண்டியும் இவர்கள் கேட்கவில்லை.

என்னோடு 1999 படம் பார்த்த அப்பத்தா, "அந்தப் பையனோட ஆத்தாளை ஏன் கூட்டிட்டு வரலை?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்வது? (புதுவயல்)

உங்கள் அப்பத்தாவுக்கு என் வணக்கம். ஜெடாய் சபை மொத்தமும் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.

குவை-கான் என்ற ஜெடாய், அடிமைகளாக இருந்த சிறுவன் அனகினையும் அவன் தாயையும் சேர்த்துத்தான் பந்தயத்தில் கேட்டார். அவர்களின் எஜமான் வாட்டோ ஒரு ஆளுக்குத்தான் சம்மதித்தான். யார் என்பதைப் பகடை போட்டுத் தீர்மானிக்கலாம் என்றான், பகடையைக் குவை-கான் தன் சக்தியால் பையன் பக்கம் புரட்டிவிட்டார். அவசரம், கையில் செல்லும் பணம் இல்லை, அதுவரை மன்னிக்கலாம். அதன் பிறகு வந்த பத்து வருடத்தை மன்னிக்க முடியாது. பையன் போரில் புகுந்து காப்பாற்றிக் கொடுத்த நபூ கிரகத்தின் அரசி பத்மே. தலைநகரில் அத்தனை பெரிய ஜெடாய் கோயில். ஒருவர்கூட ஓர் ஆளை அனுப்பி அந்த அம்மாளை மீட்கவில்லை. கடைசியில் அவரை வாங்கி, விடுதலை கொடுத்து, கல்யாணமும் செய்துகொண்டவர் காற்றிலிருந்து ஈரம் பிடித்துப் பிழைக்கும் கிளீக் லார்ஸ் என்ற விவசாயி. சபை செய்ததெல்லாம், பையன் அம்மாவையே நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று குறை கண்டுபிடித்ததுதான். அவளைக் கடத்திய கூட்டத்தின் கூடாரத்தில் அவள் கட்டுண்டு செத்த இரவில்தான் அனகின் முதன்முதலாகக் குழந்தைகள் வரை வெட்டினான். அப்பத்தாவிடம் இதைச் சொன்னால் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பார்கள்.

ஜப்பாவிடமிருந்து ஹானை மீட்க லூக் போட்ட திட்டம்தான் என்ன? (கோட்டையூர்)

ஹானைப் பிடித்து வைத்திருந்த கடத்தல் தலைவன் ஜப்பாவுக்கு ரோபோக்களை அன்பளிப்பாக அனுப்புவது, லேண்டோவைக் காவலாளி வேடத்தில் நுழைப்பது, சூபாக்காவைக் கைதியாக ஒப்படைப்பது, லேயா மாட்டிக்கொள்வது, கடைசியில் தானும் வெறுங்கையோடு போய் ராட்சத மிருகத்தின் குழியில் விழுவது. ஒருவனை மீட்க அத்தனை பேரும் உள்ளே. பலித்தது உண்மைதான். முதல் பதிலின் கடைசி வரிகளைப் பார்க்கவும்.

1977-ல் ரோபோக்கள் தப்பிய சிறு கலத்தை ஏன் சுடாமல் விட்டார்கள்? (காரைக்குடி)

அது வில்லன்களின் முட்டாள்தனம். தலைப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

நம்மைத் தப்பவிட்டதே பின்தொடரத்தான் என்று தெரிந்தும் லேயா ஏன் நேரே புரட்சிப்படையின் யாவின் தளத்துக்குப் போனாள்? (நாட்டரசன்கோட்டை)

நல்ல கண். "விட்டுவிட்டார்கள், அதனால்தான் இவ்வளவு சுலபம்" என்று அவள் வாயாலேயே சொல்கிறாள். ஹான் நம்பவில்லை, அவனை விடுங்கள். தெரிந்தவள் வழியில் எங்காவது இறங்கிக் கப்பலையாவது மாற்றியிருக்க வேண்டும். அவசரம் என்பார்கள், ரோபோ ஆர்-டூவுக்குள் இருக்கும் டெத் ஸ்டார் வரைபடத்தைத் தளத்தில் வைத்துத்தான் ஆராய முடியும் என்பார்கள். இருக்கட்டும். தளத்தில் இருந்த அத்தனை உயிரையும் பணயம் வைத்தாள். டெத் ஸ்டாரில் இருந்த ஓர் இரண்டு மீட்டர் துவாரமும் லூக்கின் குறியும் அவள் மானத்தைக் காப்பாற்றின.

2005 முடிவில் த்ரீபியோவின் நினைவை மட்டும் அழித்துவிட்டு ஆர்-டூவை ஏன் விட்டார்கள்? (கண்டனூர்)

இரண்டு ரோபோக்களில் த்ரீபியோ வாயாடி. ஆர்-டூவிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அப்படியேதான் நடந்தது.

2017 படத்தில் தப்பு ஹோல்டோ மேலா, போ மேலா? வீட்டில் இதற்காகச் சண்டை. (காரைக்குடி)

தளபதி ஹோல்டோ, விமானி போ, இரண்டு பேர் மேலும். போ சொன்ன பேச்சைக் கேட்காமல் குண்டுவீச்சுக் கப்பல்களை மொத்தமாகக் காவு கொடுத்தவன். அவனை நம்பி ரகசியத்தைச் சொல்லாதது புரிகிறது. ஆனால் கப்பலில் இருந்த மற்றவர்களுக்கு "ஒரு திட்டம் இருக்கிறது" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் கலகமே வந்திருக்காது. அதற்கு முன்பே போ ரகசியமாக வெளியே அனுப்பிய கோஷ்டியால்தான் ரகசியம் எதிரிக்குப் போயிற்று. கணவர் போ கட்சியா, நீங்கள் போ கட்சியா என்று எழுதாததால் யார் ஜெயித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எந்த வரிசையில் காட்டலாம்? (கீழச்சிவல்பட்டி)

வெளியான வரிசையில். 1977, 1980, 1983 முதலில். 1999-ல் தொடங்கினால் வேடர் யார் என்பது முன்பே தெரிந்துபோய், 1980 படத்தின் உச்சகட்டம் வீணாகிவிடும். எண் வரிசைப்படிதானே பார்க்க வேண்டும் என்று உங்கள் மைத்துனர் வந்து சொன்னால், அவரை எனக்குக் கடிதம் போடச் சொல்லுங்கள். வருடத்தைக் குறிப்பிட்டு.