பிரேசில் போக எது நல்ல மாதம்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் அமேசான் படங்கள் வந்ததிலிருந்து பிரேசிலைப் பற்றியே கேள்விகள் குவிகின்றன. அதனால் இந்த முறை பகுதி முழுக்க அந்த நாட்டுக்குத்தான்.

கேள்வி: ஜூலையில் இரண்டு வாரம் லீவு கிடைக்கும். அமேசான், இகுவாசு அருவி, பான்டனல் சதுப்புநிலம், வடக்கே இருக்கும் வெள்ளை மணல்மேடு, இந்த நான்கையும் பார்த்துவிட முடியுமா? (கோவை வாசகி)

நான்கையும் தொட்டுவிட்டு வரலாம், பார்த்ததாக இருக்காது. பிரேசில் சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். அமேசான் காட்டின் நடுவில் உள்ள மனாவுஸிலிருந்து இகுவாசுவுக்கு நேர்கோட்டில் அளந்தாலே 2,500 கி.மீ. வரும். ராத்திரி ரயிலேறிக் காலையில் இறங்குகிற வசதியெல்லாம் அங்கே கிடையாது, விமானம்தான், அதுவும் பெரும்பாலும் சாவோ பாவ்லோவிலோ பிரேசிலியாவிலோ மாறித்தான் போகும். ஆகவே இரண்டு இடம் போதும்.

எந்த இரண்டு என்பதை அந்த மாதத்துத் தண்ணீர்தான் சொல்லும். மனாவுஸில் ஆறு ஜூன் வரை ஏறிக்கொண்டே போகும், அப்புறம் அக்டோபர், நவம்பர் வரை இறங்கும், இரண்டுக்கும் சாதாரணமாகப் பத்து மீட்டர் வித்தியாசம். ஜூலையில் போனால் காட்டுக்குள் மரங்களின் உச்சிக்கிளை உயரத்தில் படகில் போவீர்கள், அக்டோபரில் அதே இடத்தில் நடந்து போகலாம். பான்டனலில் நேர்மாறு. தண்ணீர் வற்ற வற்ற மிருகங்கள் மிச்சமிருக்கும் குளங்களைச் சுற்றி வந்து சேரும், அதனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை அருமையான காலம். மணல்மேட்டுக் குளங்கள் ஜூன் தொடங்கி இரண்டு மூன்று மாதம் நிறைந்திருக்கும், டிசம்பரில் லீவு எடுக்கிறவர்கள் அதை மறந்துவிடலாம். இகுவாசு எந்த மாதமும் ஏமாற்றாது.

நானாக இருந்தால் பான்டனலுக்கு ஒரு வாரம், மிச்ச நாளை இகுவாசுவுக்கு ஒதுக்குவேன். ஜூலை அங்கே குளிர்காலம். தெற்கிலிருந்து குளிர்காற்று வீசினால் பான்டனலிலேயே நடுங்க வைக்கும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மிருகங்கள் பார்க்க அமேசான்தானே சிறந்த இடம்? ஏன் எல்லோரும் பான்டனல் என்கிறார்கள்? (திருச்சி கல்லூரி மாணவர்)

அமேசானில் மிருகங்கள் இருக்கின்றன, கண்ணில் படுவதுதான் கஷ்டம். காடு அவ்வளவு அடர்த்தி, பாதி உயிர்கள் நமக்கு முப்பது மீட்டர் மேலே கிளைகளில் வாழ்கின்றன. பகல் முழுக்க நடந்தும் குரங்குச் சத்தம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறைய.

பான்டனல் திறந்தவெளி. உலகின் மிகப் பெரிய வெப்பமண்டலச் சதுப்புநிலம் அது. போக்கோனே என்ற சிற்றூரிலிருந்து டிரான்ஸ்பான்டனேரா என்கிற மண் சாலை ஏறக்குறைய 147 கி.மீ. ஓடி, குயாபா ஆற்றங்கரையில் போர்ட்டோ ஜோஃப்ரேயில் முடிந்துவிடுகிறது. வழி நெடுகப் பாலங்கள், பாலத்துக்கு அடியில் கெய்மன் முதலைகள் வாயைத் திறந்தபடி கிடக்கும். நீலநிறப் பஞ்சவர்ணக்கிளி, உலகின் மிகப் பெரிய கொறித்துண்ணியான கேப்பிபாரா எல்லாம் சாலையிலிருந்தே தெரியும்.

சாலை முடிகிற இடத்தில் படகு ஏறினால் ஜாகுவார். கரையோரப் புல்லில் தலையைத் தாழ்த்தி நடந்து வரும், சத்தமே இல்லாமல் தண்ணீரில் இறங்கும், முதலையின் பின்மண்டையில் ஒரே கடி, இழுத்துக்கொண்டு புதருக்குள் போய்விடும். மற்ற பெரும்பூனைகள் குரல்வளையைப் பிடிக்கும், இது மண்டையோட்டையே துளைத்துவிடும்.

பான்டனலின் பெரும்பகுதி தனியார் மாட்டுப் பண்ணைகள். மாட்டை அடிக்கிறது என்று ஒரு காலத்தில் ஜாகுவாரைச் சுட்டுக் கொன்ற பண்ணைகளில் சில இன்று அதைப் பார்க்க வருகிற விருந்தினரால் பிழைக்கின்றன, அந்தப் பணம் அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை. 2020-இல் வறட்சியும் நெருப்பும் சேர்ந்து சதுப்புநிலத்தில் நான்கில் ஒரு பங்கைப் போல எரித்துவிட்டன. ஒரு ஜாகுவாரை இருபது படகு சுற்றி நிற்கிற காட்சியும் உண்டு, அப்போது தள்ளி நிற்கச் சொல்லிப் படகுக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: கறுப்பு ஆறும் பழுப்பு ஆறும் கலக்காமலே ஓடுவதாக ஒரு வீடியோ பார்த்தேன். நிஜமா, கிராபிக்ஸா? (மதுரை வாசகர்)

நிஜம். மனாவுஸுக்குப் பக்கத்தில் ரியோ நெக்ரோவும் சொலிமோயிஸும் சந்தித்து, சுமார் 6 கி.மீ. தூரம் ஒட்டிக்கொண்டே தனித்தனியாக ஓடுகின்றன. நெக்ரோ பால் ஊற்றாத டீ மாதிரி இருக்கும். காட்டில் அழுகும் இலைதழைகளின் சாறு இறங்கிய தண்ணீர், வண்டல் கிடையாது. சொலிமோயிஸ் ஆண்டிஸ் மலையிலிருந்து மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. நெக்ரோ வெதுவெதுப்பாக மெல்லப் போகும், மற்றது குளிர்ச்சியாக வேகமாகப் போகும், அடர்த்தியும் வேறு. அதனால்தான் உடனே கலப்பதில்லை. படகுக்காரர் கோட்டின் மேலே இஞ்சினை நிறுத்தும்போது கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள், கோட்டைத் தாண்டியதும் சூடு மாறுவது விரலுக்கே தெரியும்.

நெக்ரோவின் தண்ணீர் அமிலத்தன்மை கொண்டது, கொசுப் புழு அதிகம் பிழைக்காது. கொசுவுக்குப் பயந்தவர்கள் அந்த ஆற்றங்கரை விடுதியாகப் பார்த்துத் தங்கலாம்.

கேள்வி: இகுவாசுவை பிரேசில் பக்கமிருந்து பார்ப்பதா, அர்ஜென்டினா பக்கமா? (சென்னை வாசகி)

இரண்டும். சுமார் 2.7 கி.மீ. அகலத்துக்கு 275 அருவிகள். பெரும்பாலானவை அர்ஜென்டினா பக்கம் விழுகின்றன, அதனாலேயே முழுக்காட்சி பிரேசில் கரையிலிருந்து கிடைக்கிறது. கொட்டுகிற தண்ணீரைக் கிழித்துக்கொண்டு உழவாரக் குருவிகள் உள்ளே போவதைக் கவனியுங்கள், அருவிக்குப் பின்னால் பாறையில்தான் அவற்றின் இரவுத் தங்கல். கோவாட்டி என்று நீள மூக்கு மிருகம் ஒன்று கையில் இருக்கும் சாப்பாட்டைப் பிடுங்கும், கடிக்கவும் செய்யும், பிள்ளைகளிடம் பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.

வடக்கே பரானா ஆற்றில் செட்டே கேடாஸ் என்று இன்னொரு பேரருவி இருந்தது. தண்ணீரின் அளவில் உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று. இதாய்ப்பு என்ற அணையைக் கட்டி, 1982-இல் ஏரி நிரம்பியபோது சில நாட்களில் மூழ்கிப்போனது. மின்சாரம் வந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் நினைத்தால் மனசு ஆறவில்லை.

கேள்வி: வெள்ளை மணலும் நீலக் குளமுமாக இருக்கிறதே, அது பாலைவனமா? (புதுச்சேரி வாசகர்)

இல்லை, அங்கே நல்ல மழை. லென்சோய்ஸ் மரண்யென்சிஸ் என்று பெயர், 1,550 சதுர கி.மீ. தேசியப் பூங்கா, 2024-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஆண்டின் முதல் பாதியில் பெய்கிற மழை மணல்மேடுகளுக்கு நடுவே தேங்கிக் குளமாகிறது. மழை நின்று சில மாதத்தில் வற்றிவிடும் குளத்திலும் மீன் இருக்கிறது, அதில் ஒரு வகை ஈரச் சேற்றுக்குள் புதைந்து அடுத்த மழைக்குக் காத்திருக்கும்.

கேள்வி: தாத்தாவும் பாட்டியும் இங்கே ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டியவர்கள். அந்த மரத்தின் பூர்வீகம் பிரேசில் என்கிறார்கள். காட்டில் இன்றும் பார்க்க முடியுமா? (ஈப்போ வாசகர், மலேசியா)

பார்க்கலாம். 1876-இல் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் தாபஜோஸ் ஆற்றுப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பிறகு சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்தன, அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் நம் ஜனங்கள் கப்பலேறினார்கள்.

பிரேசிலிலேயே வரிசை வரிசையாகத் தோட்டம் போட முயன்றால் அது நிற்கவில்லை. அங்கே ஒரு பூஞ்சை இலைக்கருகலைக் கொண்டுவரும், மரங்கள் நெருக்கமாக இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிவிடும். கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டு 1928-இல் அதே தாபஜோஸ் கரையில் ஃபோர்ட்லாண்டியா என்று ஊரே கட்டித் தோட்டம் போட்டார், 1945-இல் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போக வேண்டியதாயிற்று. காட்டில் இந்த மரம் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாக நிற்கும், அதனால்தான் தப்பிப் பிழைக்கிறது. அங்கே பால் வெட்டுகிறவர்கள் விடிகாலையில் ஒற்றையடிப் பாதையில் மரத்துக்கு மரம் காடு முழுக்க நடக்க வேண்டும். அவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் மரம் வெட்டிக் காடழிப்பதை எதிர்த்தவர், 1988 டிசம்பரில் தன் வீட்டுப் பின்வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் காட்டை அழிக்காமல் அதிலேயே பிழைப்பவர்களுக்கென்று அரசு தனிக் காப்பிடங்களை ஒதுக்க ஆரம்பித்தது.

சான்டரெம் நகருக்கு விமானத்தில் போய், தாபஜோஸ் தேசியக் காட்டுக்குள் ஊர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடங்கள். மரத்தில் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தால் அவரே தொட்டுக் காட்டுவார். உங்கள் தாத்தா வெட்டியதைப் பற்றி அவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது, கூட வருகிறார். தடுப்பூசி கட்டாயமா? (சேலம் வாசகி)

பிரேசிலிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட வேண்டும், ஆயுளுக்கு ஒரு தடவை போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட் எடுத்துப் போங்கள். ஆனால் இது உயிருள்ள கிருமியைப் பலவீனமாக்கிச் செய்த ஊசி, 60 வயது தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். முட்டை அலர்ஜி, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதையும் சொல்லி, முதலில் அப்பாவின் டாக்டரிடம் கேளுங்கள், டிக்கெட் அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.