ஐஎம்எஸ் பேரிங்னா என்ன? பழைய போர்ஷ 911 கார் வாங்கப் போனா ஏன் எல்லாரும் அதையே சொல்றாங்க?

இந்தப் பேச்சு முக்கியமா 996ங்கிற மாடல பத்தினது. அது 1990கள் கடைசில வந்த, தண்ணி கூலிங்குக்கு மாறின முதல் 911. என்ஜினுக்குள்ள கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) சுத்துறத கேம்ஷாஃப்ட் (வால்வ திறக்குற தண்டு) பக்கம் கொண்டுபோக ஒரு இடைத்தண்டு (intermediate shaft, சுருக்கமா ஐஎம்எஸ்) இருக்கு, அதோட ஒரு முனைய தாங்குறதுதான் ஐஎம்எஸ் பேரிங். உள்ள கிரீஸ் வச்சு சீல் பண்ணது, வருஷம் ஆக ஆக சீல் கெட்டியாகி என்ஜின் ஆயில் கசிஞ்சு உள்ள போய் கிரீஸ கழுவிடும், ஆனா புது ஆயில் தாராளமா வந்து போகவும் வழி இல்ல.

வீட்டு சீலிங் ஃபேன்ல கிரீஸ் காஞ்சா கரகரன்னு கத்துமே, அதே கதைதான். ஃபேன்ல சத்தத்தோட போச்சு, இங்க தண்டு ஆடி, டைமிங் (வால்வு திறந்து மூடுற நேரம்) தவறி, வால்வு பிஸ்டன்ல இடிச்சு என்ஜினே போயிடும்.

வாங்குறதுக்கு முன்னாடி ஆயில் ஃபில்டர கழட்டி மடிப்ப விரிச்சு வெளிச்சத்துல பாருங்க, மினுமினுன்னு இரும்புத்தூள் இருந்தா தயவுசெஞ்சு விட்டுடுங்க. நல்லா இருந்து வாங்கினா, கிளட்ச் மாத்த கியர்பாக்ஸ இறக்குறப்பவே இந்த பேரிங்கயும் மாத்திடுங்க, ரெண்டாவது தடவ இறக்குற கூலி மிச்சம். 996லயே டர்போ, ஜிடி3ங்கிற ரெண்டு வகைக்கும் வேற என்ஜின், அதுல இந்தப் பிரச்சினை இல்ல.

அப்புறம், கம்மி கிலோமீட்டர் ஓடின வண்டிதான் சேஃப்னு நினைக்காதீங்க, ஓட்டாம நிறுத்தியே வச்ச வண்டிலயும் சீலும் ரப்பரும் வயசாகிட்டேதான் இருக்கும்.